பக்கத்து அறைக்காரருக்கும் புரிய வேண்டும்: சிங்கப்பூரில் நூலக, தகவல் அறிவியல் ஆசிரியர் பணிக்கு முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

“அண்ணே, நெட் பாஸ் பண்ணிட்டேன், அடுத்த மாசம் பிஎச்.டி. வைவா. சிங்கப்பூர்ல ட்ரை பண்ணலாமா?”

வருடத்துக்கு நாலைந்து தடவையாவது இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். மதுரைத் தம்பி, திருச்சித் தங்கை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நூலகர் என்று கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்வி ஒன்றுதான். நான் இங்கே நூலக வேலையில் பல வருடங்களைக் கழித்தவன். ஆசிரியர் பணிக்கு வருபவர்கள் கொடுக்கும் உரைகளைக் கேட்கப் போவேன், தெரிந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தித் தருவேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதல் பதில்: தாராளமாக முயலலாம். இந்தியாவில் கல்லூரி ஆசிரியராகத் தேற வேண்டிய நெட், செட் தேர்வுகள் எதையும் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஊரில் அச்சிட்ட படிவத்தை நிரப்பி, மதிப்பெண் கூட்டி, சான்றிதழ் நகல்களைக் கோத்து அனுப்பிய பழக்கம் இங்கே உதவாது. இங்கே படிவம் சின்னது. நீங்கள் எழுதி இணைக்கும் மூன்று நான்கு ஆவணங்கள்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

எங்கே இடம் இருக்கிறது

நூலகவியலை முழுப் பட்டப்படிப்பாக நடத்துவது இந்த ஊரில் ஒரே இடம்தான்: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் கல்விப் பள்ளி. பத்திரிகையாளராக இருந்து, 1985 முதல் 1993 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த வீ கிம் வீயின் பெயர் அதற்கு 2006-ல் சூட்டப்பட்டது. தகவல் கல்வியில் முதுநிலைப் பட்டம் 1993-ல் தொடங்கியது. அப்போது அது பயன்பாட்டு அறிவியல் பக்கம் இருந்தது. 2002-ல் தொடர்பியல் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள்.

இந்த 2002 இணைப்பை ஏதோ நிர்வாக வரலாறு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் விண்ணப்பத்தின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது. உங்கள் கோப்பைப் படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் நூலகவியல்காரர்கள் இல்லை. ஒருவர் இதழியல், ஒருவர் விளம்பரத் துறை, இன்னொருவர் சுகாதாரத் தொடர்பு, மற்றொருவர் மக்கள் இணையத்தில் பொய்ச் செய்தியை எப்படி நம்புகிறார்கள் என்று ஆராய்பவர். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் வகைப்பாடு என்றால் என்ன, கணினிப் பட்டியலில் ஒரு நூலை விவரிக்கும் மார்க் பதிவு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் கை தூக்க உரிமை உண்டு. அந்தப் பக்கத்து அறைக்காரருக்கு உங்கள் கேள்வி ஏன் முக்கியம் என்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் தகவல் அமைப்பு, கணினி சார்ந்த துறைகள் இருக்கின்றன. தகவல் மீட்பு, தரவு, பயனர் நடத்தை என்று வேலை செய்பவர்கள் அங்கேயும் பார்க்கலாம். ஆனால் அங்கே கணினிக்காரர்களோடு போட்டி என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

விளம்பரத்தைப் படிப்பது

‘நூலகம்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள், அநேகமாகக் கிடைக்காது. தகவல் நடத்தை, சுகாதாரத் தகவல், அறிவு மேலாண்மை, தரவு நிர்வாகம், மனிதரும் செயற்கை நுண்ணறிவும் என்றெல்லாம்தான் விளம்பரம் வரும். பல்கலைக்கழகத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம், தகவல் துறைப் பள்ளிகளின் கூட்டமைப்பான ஐஸ்கூல்ஸின் பக்கம், அசிஸ்ட், அலைஸ் போன்ற துறைச் சங்கங்களின் அறிவிப்புகள் இவற்றை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். இங்கே கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. ஆள் எடுத்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். ஆகவே வரும் ஆகஸ்டில் சேரும் எண்ணம் இருந்தால் முந்தைய ஆண்டின் பிற்பாதியிலிருந்தே கண் வைத்திருங்கள்.

பதவியின் பெயரைக் கவனியுங்கள். டென்யூர் டிராக்கில் உதவிப் பேராசிரியர் என்றால் ஆராய்ச்சிதான் முதல் அளவுகோல். சில வருடங்கள் கழித்துப் பரிசீலனை, அதில் தேறினால் நிரந்தரம். விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர் பணிகள் கற்பித்தல் வழியில் போகிறவை. ஊரில் பத்து வருடம் கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவசாலிகள் பழக்கதோஷத்தில் முதல் வகைக்கே விண்ணப்பித்துவிட்டு ஏமாறுகிறார்கள். இரண்டாவது வழியில் அவர்களுக்கு நல்ல இடம் இருக்கும்.

இதே விளம்பரம் சிங்கப்பூர் அரசின் வேலைவாய்ப்புத் தளமான ‘மைகரியர்ஸ்ஃபியூச்சர்’-இலும் தெரியலாம். வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதி கேட்கும் முதலாளி பொதுவாக முதலில் அங்கே குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்து, உள்ளூர்க்காரர்களையும் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்து “உள்ளூர்க்காரருக்கு மட்டும்போல” என்று ஒதுங்கிவிடாதீர்கள். நீங்களே சிங்கப்பூர்த் தமிழர் என்றால் வேறொரு கதவும் இருக்கிறது: கல்விப் பணிக்கு வரவிரும்பும் சிங்கப்பூரர்களின் முனைவர் படிப்புக்கு உதவும் ‘ஸ்டார்ட்’ திட்டம். படிப்பைத் தொடங்கும் முன்பே அதை விசாரியுங்கள்.

உங்கள் பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கட்டுரையில் ‘கே. செந்தில்குமார்’, அடுத்ததில் ‘செந்தில்குமார் கே.’, மாநாட்டில் ‘செந்தில் குமார்’ என்று பிரித்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை நீட்டி ‘செந்தில்குமார் கருப்பையா’. தேடுபவருக்கு நான்கு ஆட்கள் தெரிகிறார்கள், ஒவ்வொருவருக்கும் கால்வாசிக் கட்டுரைகள்! ஒரு நூலாசிரியரின் பெயரை எங்கும் ஒரே வடிவில் பதியும் ‘ஆசிரியர் பெயர்க் கட்டுப்பாட்டை’ப் பாடமாகவே படித்த நமக்கு இது நடக்கலாமா?

ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் ஓர்க்கிட் எண் ஒன்றை இன்றே எடுங்கள். பதினாறு இலக்கம், இலவசம். எல்லாக் கட்டுரைகளையும் அதில் சேருங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் உங்களுடையதல்லாதவற்றை நீக்குங்கள். இனிமேல் எந்த வடிவத்தில் எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்னும் சான்றை இப்போதே வாங்கிவையுங்கள். பின்னால் பாஸ் எடுக்கும்போது அது உங்களைக் காப்பாற்றும்.

கோப்பு

பொதுவாகக் கேட்பது: விண்ணப்பக் கடிதம், தன்விவரம், ஆராய்ச்சி அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, பரிந்துரை தரக்கூடிய மூவரின் விவரம், இரண்டு மூன்று சிறந்த கட்டுரைகள்.

தன்விவரத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, புகைப்படம் எதுவும் வேண்டாம். கட்டுரைகளை ஆய்விதழ், மாநாடு, நூல் அத்தியாயம் என்று பிரித்துப் போடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் ஆய்விதழ்களில் வந்தவை இருந்தால் தயவுசெய்து அவற்றைப் பட்டியலில் முன்னால் வைக்காதீர்கள். தகவல் துறைக்காரர்களிடம் அது உடனே பிடிபடும். பிடிபட்டபின் நல்ல கட்டுரைகளின் மேலும் சந்தேகம் விழும்.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் ‘இன்ன தலைப்பில் வெளியான கட்டுரைகளின் சயின்டோமெட்ரிக் பகுப்பாய்வு’ என்றே இருக்கின்றன. தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை இறக்கி, வருடவாரி எண்ணி, எந்த நாடு முதலிடம் என்று அட்டவணை போடுவது. பயிற்சிக்கு நல்லதுதான். ஆனால் அதே அச்சில் வார்த்த இருபது கட்டுரைகளை வைத்து ‘இவர் என்ன கேள்வி கேட்கிறார்’ என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஜர்னல் ஆஃப் டாக்குமெண்டேஷன்’, ‘ஜாசிஸ்ட்’ மாதிரி இதழில் வந்த ஒரே கட்டுரை, அதில் சொந்தமான ஒரு கேள்வி இருந்தால், அந்த இருபதையும் விட எடை கூடியது.

ஆராய்ச்சி அறிக்கையை மூன்று பக்கத்துக்குள் வையுங்கள். ஒரு பங்கு இதுவரை செய்தது, இரண்டு பங்கு இனிமேல் செய்யப்போவது. அவர்கள் எடுக்கப்போவது அடுத்த ஐந்து வருட ஆராய்ச்சியாளரை. அந்த ஐந்து வருடத்தில் சிங்கப்பூருக்கு இடம் இருக்கட்டும். நான்கு ஆட்சிமொழிகள் உள்ள ஊர் இது. ஒரே பொது நூலகத்தில் சீன, மலாய், தமிழ், ஆங்கிலப் புத்தகங்கள் அடுத்தடுத்த அடுக்குகளில் இருக்கின்றன. 1995-ல் அமைந்த தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் திறந்து வைத்திருக்கிறது. 1965 முதல் 2015 வரை வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350-ஐ மின்னாக்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் சமூகத் தொண்டர்களும் வாரியமும் கைகோத்தார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு தகவல் ஆராய்ச்சியாளருக்கு இவையெல்லாம் வயல்வெளி. கல்வி அமைச்சின் கல்வி ஆராய்ச்சி நிதியில் முதல் அடுக்குக்கு என்ன திட்டத்தோடு விண்ணப்பிப்பீர்கள் என்று நேர்காணலில் கேட்க வாய்ப்பு அதிகம். பதிலை இப்போதே ஒரு பத்தியாக எழுதிவையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ‘பெரிய மனிதர்’ தேடாதீர்கள். துணைவேந்தர் எழுதும் நாலு வரிப் புகழுரையை விட, உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் எங்கே திணறினீர்கள், எப்படி மீண்டீர்கள் என்று தெரிந்த ஒருவர் எழுதும் கடிதம் பேசும். மூவரில் ஒருவராவது உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பது நல்லது. ஆசிய மின்னூலகங்களுக்கான ஐகேட்ல் மாநாடு 1998-லிருந்து நடந்துவருகிறது. அங்கே ஒரு கட்டுரை படித்து, தேநீர் இடைவேளையில் நாலு பேரோடு பேசினால் அப்படி ஒருவர் கிடைப்பார்.

உரை

தேர்ந்தெடுத்த சிலரை முதலில் ஜூமில் பேசவைப்பார்கள். (நேரத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூர் நம்ம ஊருக்கு இரண்டரை மணி முன்னால்.) அதில் தேறினால் முழு நாள் நேர்காணல். அதன் உயிர்நாடி முக்கால் மணி நேரத்து ஆராய்ச்சி உரை. மற்றதில் எல்லாம் சமாளித்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் நேர்காணலுக்கு வந்தவர், முந்தின நாள் இரவு ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு ஒத்திகை பார்க்க வந்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. கேட்க நானும் என் மனைவியும். அவர் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை, நூலகவியலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய தமிழ் அச்சுப் பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்பது தம்பியின் ஆராய்ச்சி. நல்ல வேலை, மூன்று வருட உழைப்பு. ஆனால் முதல் பன்னிரண்டு சிலைடுகள் வரையறைகளிலும் முந்தைய ஆய்வுகளிலும் போயின. பதின்மூன்றாவதில் துல்லிய விகித அட்டவணை.

மனைவி குறுக்கே கேட்டார்: “தம்பி, இந்த மிஷினு தப்பாப் படிச்சா யாருக்கு என்ன நஷ்டம்?”

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைப் பக்கம் ஒன்றின் நகல். விரலை வைத்துக் காட்டினார்: ‘விலை’. அதில் லகரத்துக்கு முன்னால் இன்று நாம் போடும் கொம்பு இல்லை. யானைத் தும்பிக்கை மாதிரி எழுத்தின் மேலேயே வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ‘லை’. தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்களுக்குத் தெரிந்த வடிவம். மென்பொருள் அதை வேறு எழுத்தாக எடுத்துக்கொண்டுவிட்டது. “அக்கா, அந்தக் காலத்து அரிசி விலை என்னன்னு ஒருத்தர் தேடினா, பக்கம் இருக்கும், படமும் இருக்கும், ஆனா தேடல்ல வராது. அவர் அப்படி ஒரு செய்தியே இல்லைன்னு நினைச்சுக்குவார்.”

“இதை ஏன் முதல்ல சொல்லலை?” என்றார் மனைவி.

அன்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து உரையைத் திருப்பிப்போட்டோம். முதல் சிலைடில் அந்த ஒரு சொல் மட்டும், பெரிதாக்கி. இரண்டாவதில் மென்பொருள் அதை எப்படிப் படித்தது. மூன்றாவதில் கேள்வி. வரையறைகள் தேவைப்பட்ட இடத்தில் ஒவ்வொரு வரியாக வந்தன. மறுநாள் உரை முடிந்ததும் முதல் கேள்வி கேட்டது இதழியல் பேராசிரியர், பழைய நாளிதழ்களை வைத்து வேலை செய்பவர். கேள்வியும் பதிலும் அரை மணிக்கு ஓடின. அந்தப் பணி வேறொருவருக்குத்தான் போனது. தம்பி அதே உரையோடு அடுத்த ஆண்டு இன்னொரு நாட்டில் சேர்ந்தார்.

ஆகவே உங்கள் உரையை முதலில் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பொறியாளர் யாரானாலும் சரி. தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல வராத வாதம் ஆங்கிலத்தில் பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஆங்கிலத்தில் கடிகாரம் வைத்து மூன்று தடவை.

கேள்வி நேரத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்; எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். ‘புரொஃபசர்’ என்று அழைத்தால் மரியாதையாகவும் இயல்பாகவும் இருக்கும். மதிய உணவும் நேர்காணலின் பகுதிதான். சைவம் என்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கற்பித்தல் பற்றிச் சுருக்கமாக. இங்கே முதுநிலை மாணவர்களில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்கு வருபவர்கள் உண்டு. பகலெல்லாம் நூலகத்திலோ வங்கியிலோ உழைத்துவிட்டு வருபவரிடம் குறிப்பு வாசித்துக்காட்ட முடியாது. மெட்டாடேட்டா (கோப்பு, நூல் பற்றிய விவரக் குறிப்பு) பாடம் என்றால் அவருடைய அலுவலகக் கோப்புறையிலிருந்தே உதாரணம் எடுப்பீர்களா? மாதிரி வகுப்பில் அதைச் செய்து காட்டுங்கள். பள்ளி ஏற்கெனவே நடத்தும் பாடங்களின் பட்டியலைப் பார்த்து, நாளைக்கே எடுக்கக்கூடியவை எவை, புதிதாகத் தொடங்க விரும்புவது எது என்று பெயர் சொல்லிப் பேசுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நூலகவியல் முன்னோடி சீர்காழி ரங்கநாதன் ஞாபகம் வரும். கணித ஆசிரியராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். நூலகப் பயிற்சி கிடையாது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பப் போகிறேன் என்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள் என்று அனுப்பினார்கள். 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார், 1933-ல் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். வேறு துறையிலிருந்து இங்கே வருகிறவர்கள், கணினியோ மொழியியலோ வரலாறோ, அதைக் குறையாக எண்ணி மறைக்க வேண்டாம். கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

பணி உறுதியான பிறகு

“எடுத்துவிட்டோம்” என்று வாய்மொழியாகச் சொன்ன பிறகும் எழுத்துமூலமான கடிதம் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று மேலே போய்வர வேண்டும். கையெழுத்தான கடிதம் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் பல்கலைக்கழகம்தான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கும். 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்கு, நிதித்துறை தவிர மற்றவற்றில், குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). வயது ஏற ஏற இதுவும் ஏறும். தொகை அவ்வப்போது மாறுவதால் அமைச்சின் தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். 2023 செப்டம்பரிலிருந்து ‘காம்பஸ்’ என்ற புள்ளிமுறையும் உண்டு: சம்பளம், கல்வித் தகுதி, அந்நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் விகிதம், உள்ளூர் வேலைவாய்ப்பு எல்லாம் சேர்த்து 40 புள்ளி வேண்டும். உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது பட்டங்களின் சரிபார்ப்புச் சான்று. சில பல்கலைக்கழகங்கள் சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பல வாரங்கள் எடுக்கும். நேர்காணல் அழைப்பு வந்த அன்றே தேர்வுத் துறைக்கு எழுதிவிடுங்கள்.

கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துவரச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதி கிடையாது. ஓய்வுக்காலத்துக்கு நீங்களே சேமிக்க வேண்டும். சம்பளம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். அதோடு தொடக்க ஆராய்ச்சி நிதி எவ்வளவு, முதல் வருடம் எத்தனை பாடம், வளாகக் குடியிருப்பு கிடைக்குமா, இடம்பெயரும் செலவு யாருடையது என்ற நான்கையும் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கேட்க முடியாது.

வந்திறங்கிய முதல் வாரம் பூன் லே நிலையத்திலிருந்து 179 அல்லது 199 பேருந்தைப் பிடித்து வளாகத்துக்குப் போங்கள். ஒரு நாள் ஒதுக்கி விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்குப் போய் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தமிழ் அடுக்குகளைப் பாருங்கள். அங்கே இருக்கும் நூலகர்களிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, அவர்களுக்குத் தினமும் தலைவலி தருகிற பிரச்சினை எது என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்தத் தாளை உங்கள் புதிய அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். முதல் நிதி விண்ணப்பத்துக்கு அது வேண்டியிருக்கும்.